பள்ளி மைதானத்தில் கோல்ஃப்: 24 மாணவர்கள், 8 வாரங்கள்

கோல்ஃப் கிளப்புகள் பள்ளிக்கூடம் தேடிப் போவது புதிதல்ல. ஒரு சனிக்கிழமை, ஒரு பேனர், 200 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று அடி, குரூப் போட்டோ, சமோசா. அதோடு சரி. திங்கட்கிழமை அந்த 200 பேரில் ஒருவர்கூட மறுபடி மட்டையைத் தொட வழி இருக்காது. அதனால் இந்த வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். எட்டு வாரம் முடிந்தபின் "எனக்கு இன்னும் ஆடணும்" என்று வந்து நிற்கும் மாணவி எங்கே போய், யாருடைய மட்டையில், யார் செலவில் ஆடுவாள்? இதற்குப் பதில் எழுத்தில் கையில் வந்த பிறகு முதல் வகுப்புக்குத் தேதி குறித்தால் போதும்.

இங்கே சொல்வது சென்னை, கோவை, உதகை, கொடைக்கானல் போல, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிற ஊர்களின் அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மனதில் வைத்து. கிளப் உறுப்பினர், உடற்கல்வி ஆசிரியர், ஊர்ப் பொதுநலச் சங்கம் என யார் முன்னின்று நடத்தினாலும் வேலை ஒன்றுதான்.

கிளப்பிடம் கேட்க வேண்டியது

முதலில் கேட்க வேண்டியது பணமோ பழைய மட்டைகளோ அல்ல, நேரம். வார நாளில் மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை பயிற்சித் திடல் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். வாரத்தில் ஒரு நாள் அந்த இரண்டு மணி நேரத்தை, ஒரு முழு வருடத்துக்கு, நான்கைந்து மாணவர்களுக்கு இலவசமாகத் தரக் கேளுங்கள். எட்டு வார வகுப்பு முடிந்து தொடரப்போகிறவர்கள் அவ்வளவு பேர்தான் இருப்பார்கள். பல கிளப்புகளில் திங்கட்கிழமை பராமரிப்புக்காக ஆட்டம் இருக்காது. 'அன்றைக்கு வாருங்கள்' என்றால் யோசித்துச் சம்மதியுங்கள். புல்வெட்டும் வண்டி ஓடும், மருந்து தெளிப்பார்கள், பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இருக்காது.

அமெரிக்காவில் 'யூத் ஆன் கோர்ஸ்' என்ற அமைப்பு இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. அதில் சேர்ந்த பிள்ளைகள் 5 டாலரோ அதற்குக் குறைவாகவோ கொடுத்து மைதானத்தில் ஆடலாம். மீதிக் கட்டணத்தில் ஒரு பங்கை அமைப்பே மைதானத்துக்குத் தந்துவிடும். அங்கேயே 1997-ல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் டீ' என்ற அமைப்பு பள்ளிக்குள்ளேயே விளையாட்டை அறிமுகம் செய்கிறது. அறிமுகம் ஒரு வேலை, தொடர்ந்து ஆட இடம் கொடுப்பது வேறு வேலை. நம் ஊரில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவது தானாக நடக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

நேரம் உறுதியான பிறகு மற்றவற்றைக் கேளுங்கள். உறுப்பினர்கள் வீட்டில் தூங்கும் பழைய மட்டைகள், பயிற்றுநர்களாக இரண்டு மூத்த கேடிகள் (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பவர்கள்), மைதானத்துக்கு வரும் நாளில் உடைக் கட்டுப்பாட்டுக்கு எழுத்துபூர்வமான விலக்கு, 18 வயதுக்குக் குறைந்த விருந்தினர்களுக்கும் கிளப்பின் காப்பீடு பொருந்துமா என்பதற்குத் தெளிவான பதில். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு பிள்ளைக்குப் பல் உடைந்த பிறகு கேட்டால் பயனில்லை.

கேடிகளை ஏன் குறிப்பாகச் சொல்கிறோம்? இருபது வருடம் மைதானத்தில் நடந்த ஒரு கேடி, ஒருவர் மட்டையைப் பின்னால் எடுக்கும்போதே பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவார். அதைத் தமிழில், நாலு வார்த்தையில், பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்வார். நன்றாக ஆடும் உறுப்பினர் பலருக்கு இது வராது. அவர்கள் யூடியூபில் பார்த்த ஏழு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்வார்கள். பெங்களூரின் சி.முனியப்பா கேடியாக இருந்து ஆட்டக்காரராகி 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றவர். ஆனால் கேடிகளைச் சும்மா வரச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு சுற்றுக்குப் போனால் கிடைக்கும் கூலியாவது கொடுங்கள். இன்னொன்று: மாணவர்களைக் கேடி வேலைக்கு ஆள் எடுக்கும் களமாக இதை யாரும் மாற்ற விடாதீர்கள். பெற்றோருக்கு அந்தச் சந்தேகம் வந்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பள்ளியில் யாரைப் பார்ப்பது, எப்போது

தலைமை ஆசிரியர் அனுமதி இல்லாமல் ஒன்றும் நகராது. அரசுப் பள்ளியில் வெளியார் வந்து பயிற்சி தருவதென்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். அதற்கு ஒரு மாதம் ஒதுக்கிவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டால் பெற்றோர் தரப்பில் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இந்தத் திட்டம் வாழ்வதும் சாவதும் உடற்கல்வி ஆசிரியர் கையில். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவருக்குக் குறுவட்டப் போட்டிகள் தலைக்கு மேல் இருக்கும். கபடி அணியையும் கோ-கோ அணியையும் தயார் செய்துகொண்டிருப்பவரிடம் போய் அவருடைய நல்ல ஆட்டக்காரர்களைக் கேட்டால் கதவு சாத்தப்படும். எந்த அணியிலும் இல்லாத பிள்ளைகளைக் கேளுங்கள். ஓட்டத்திலும் உடல் பலத்திலும் பின்தங்கியவர்களுக்கும் கோல்ஃபில் இடம் உண்டு என்பதால் இது சமாதானத்துக்குச் சொல்லும் பேச்சல்ல. சரியான தேர்வும் அதுதான்.

வகுப்பு: 9 அல்லது 11. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் தொடாதீர்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் சிறப்பு வகுப்பு என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஜூலையில் தொடங்கிக் காலாண்டுத் தேர்வுக்கு முன் எட்டு வாரம் முடிப்பது நல்லது. அதைத் தவறவிட்டால் வடகிழக்குப் பருவமழை மைதானத்தை எடுத்துக்கொள்ளும்; பிறகு ஜனவரிதான்.

எண்ணிக்கை 24-க்கு மேல் போகக்கூடாது. எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்று மூன்று குழு. 24-ல் 12 மாணவிகள் இருக்கட்டும். அவர்களைக் கலந்து விடுவதைவிட முதல் இரண்டு வாரம் தனிக் குழுவாக வைத்தால் தயக்கம் சீக்கிரம் போகும். ஆசிரியை ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்த மாணவருடனும் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது. பந்து பொறுக்கப் போவதற்கும் இது பொருந்தும்.

பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நாள், நேரம், இடம், வீடு திரும்பும் நேரம், பொறுப்பாளரின் கைபேசி எண், ஆஸ்துமா, வலிப்பு, அண்மையில் எலும்பு முறிவு உண்டா என்ற கேள்வி. புகைப்படம் எடுக்க அனுமதி தனிக் கட்டமாக இருக்க வேண்டும். அதில் 'இல்லை' என்று எழுதிய பெற்றோரின் பிள்ளையும் எல்லா வகுப்பிலும் சேர வேண்டும்.

வேலை கிடைக்கும், கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். 'ஒரு விளையாட்டு கற்றுக்கொள்ளலாம், பிடித்தால் தொடரலாம்' என்பதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சாமான்கள்

24 பேருக்கு ஏழாம் நம்பர் இரும்பு மட்டை 8, வெட்ஜ் (முகம் நன்றாகச் சாய்ந்த, பந்தை உயரத் தூக்கும் மட்டை) 8, பட்டர் (பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் விடும் மட்டை; அப்படி உருட்டுவது பட்டிங்) 8 இருந்தால் தாராளம். இதில் வகைக்குக் குறைந்தது இரண்டு இடதுகை மட்டையாக இருக்கட்டும். வெகுதூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவர் வேண்டாம். உறுப்பினர்கள் முதலில் தள்ளிவிடப் பார்ப்பது அதைத்தான், அன்போடு மறுத்துவிடுங்கள். பந்தில் 100 ஃபோம் பந்து அல்லது துளையிட்ட பிளாஸ்டிக் பந்து, 30 பழைய டென்னிஸ் பந்து, பட்டிங்குக்கு மட்டும் 20 நிஜப் பந்து.

நன்கொடையாக வரும் ஒவ்வொரு மட்டையையும் சோதியுங்கள். தலையை ஒரு கையிலும் தண்டை ஒரு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அது ஒதுக்கல். தண்டும் தலையும் சேரும் இடத்தில் உள்ள கறுப்பு வளையம் மேலே ஏறியிருந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கிராஃபைட் தண்டில் நகத்தை ஓட்டினால் விரிசல் தட்டுப்படும். சுழற்றும் வேகத்தில் கழன்று பறக்கும் இரும்புத் தலை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

பிடி வழவழவென்று இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் உப்புத்தாளை லேசாக ஓட்டினால் பிடிமானம் திரும்ப வரும். ஆண்களுக்கான ஏழாம் நம்பர் மட்டை சுமார் 37 அங்குலம். ஐந்தடிக்குக் குறைந்த பிள்ளைகள் பிடியில் ஒரு அங்குலம் கீழே பிடித்தால் போதும். வெட்டிக் குட்டையாக்கினால் தண்டு விறைத்துப்போகும், மறுபடி நீட்டுவதும் எளிதல்ல.

மற்றவை ஊரிலேயே கிடைக்கும். பந்தல் போடுபவரிடம் விரிக்கும் பச்சை கார்ப்பெட்டில் ஆறு மீட்டர் துண்டு இரண்டு. அதை மண்ணில் விரித்தால் மேடு பள்ளத்தில் பந்து துள்ளும். வராந்தா அல்லது மேடையின் சிமென்ட் தரையில் விரித்தால் நல்ல கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) போல இருக்கும். கார்ப்பெட்டில் குழி தோண்ட முடியாது; பழைய சிடி ஒன்றை வைத்து, பந்து அதன்மேல் ஏறினால் குழியில் விழுந்த கணக்கு. சிடி 12 செ.மீ., நிஜக் குழி 10.8 செ.மீ. மண்ணில் குழி வேண்டுமென்றால் பிளம்பிங் கடையில் 110 மி.மீ. பிவிசி குழாய் வாங்கி 10 செ.மீ. துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் குழிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். துண்டின் விளிம்பு மண்மட்டத்துக்கு இரண்டரை செ.மீ. கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் பந்து விளிம்பில் பட்டு எகிறும். இலக்குக்குப் பழைய சைக்கிள் டயர் நான்கு. நின்று அடிக்கக் கயிற்று மிதியடி எட்டு. செம்மண் தரையில் நேராக அடிக்க விட்டால் இரண்டாவது வாரமே மணிக்கட்டு வலி என்று வருவார்கள்.

மைதானத்தைப் பிரிப்பது

கோல்ஃபில் பிள்ளைகளுக்கு ஏற்படும் மோசமான காயங்களுக்குப் பெரும்பாலும் காரணம் பந்து அல்ல. பக்கத்தில் நிற்பவரின் மட்டை. அதுவும் ஆட்டம் நடக்கும்போது அல்ல, காத்திருக்கும்போது. வரிசையில் நிற்கும் பையன் சும்மா ஒரு சுழற்று சுழற்றுவான், பின்னால் இருப்பவளின் கன்னத்தில் படும். எனவே முதல் விதி: காத்திருப்பவர் கையில் மட்டை இருக்காது. மட்டை மிதியடியின் பக்கத்தில் தரையில் கிடக்கும். அடிக்கப் போகிறவர் வந்து எடுப்பார், அடித்து முடித்தவர் தரையில் வைத்துவிட்டுப் போவார். கைக்குக் கை மாற்றுவது கிடையாது.

அடிக்கும் இடங்கள் ஒரே நேர்கோட்டில், ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் தள்ளி. உடற்கல்வி ஆசிரியரின் சுண்ணாம்புக் கோடு போடும் வண்டியில் அந்தக் கோட்டை இழுத்துவிடுங்கள். அதற்கு ஐந்து மீட்டர் பின்னால் ஒரு கயிறு. காத்திருப்போர் கயிற்றுக்குப் பின்னால். முன்னால் 50 மீட்டர் காலி, அங்கே யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. கழிப்பறைக்கோ குடிநீர்த் தொட்டிக்கோ போகும் ஒற்றையடிப் பாதை அந்தக் காலியிடத்தின் வழியாகப் போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பள்ளிகளில் பெரும்பாலும் போகும்.

இடதுகைக்காரர்களை, இலக்கைப் பார்த்து நின்றால் வரிசையின் வலது ஓரமாக வரும் இடத்தில் வையுங்கள். அப்போது அவர்களும் பக்கத்தில் இருப்பவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்பார்கள். முதுகு காட்டி நின்றால் மட்டை வருவது தெரியாது. அவர்களுக்கு நான்கு மீட்டர் இடைவெளி.

விசில் மூன்று விதம். ஒன்று ஊதினால் அடிக்கலாம். இரண்டு ஊதினால் மட்டை தரையில், எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால். நீளமாக ஒன்று ஊதினால் எல்லாரும் சேர்ந்து பந்து பொறுக்கப் போகலாம். 'ஒரே ஒரு பந்து, சார்' என்று ஒருவர் மட்டும் முன்னால் ஓடுவதை ஒருமுறை அனுமதித்தால் விதி செத்தது. காது கேளாத மாணவர் இருந்தால் விசிலோடு ஒரு சிவப்புக் கொடியும் வேண்டும். அவர்களைச் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை. செவித்திறன் குறைந்த, இடதுகை ஆட்டக்காரரான தீக்ஷா டாகர் 2022-ல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் தங்கம் வாங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடியவர்.

நிஜப் பந்தைப் பள்ளி மைதானத்தில் முழு வீச்சில் அடிக்கவே கூடாது. எடை 46 கிராமுக்குள்தான், ஆனால் கிரிக்கெட் ஆடும் பதினாறு வயதுப் பையன் ஏழாம் நம்பரில் சரியாகத் தொட்டால் 120 மீட்டர் போய்விடும். நடுவில் எட்டாம் வகுப்பின் ஜன்னல் இருக்கும். இடிச் சத்தம் கேட்டால் மட்டைகளைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் மாலைகளில் சென்னையில் இது அடிக்கடி தேவைப்படும்.

சொல்லிக்கொடுப்பது

ஒரு பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். கூட்டி நிற்க வைக்க ஐந்து, சாமான் எடுத்து வைக்க ஐந்து போனால் மீதியில் மூன்று நிலையங்களுக்குத் தலா பத்து நிமிடம் தேறும். பட்டிங் ஒன்று, சிப்பிங் (குழிக்கு அருகிலிருந்து பந்தைக் கொஞ்சமாகத் தூக்கிப் போடுவது) ஒன்று, மட்டையை ஓங்கி அடிக்கும் வீச்சு ஒன்று. கடைசிப் பாடவேளையை வாங்கினால் பள்ளி விட்டபின் கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

குழிக்கு அருகிலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போவதே சரியான வரிசை. ஆனால் முதல் நாள் முழுக்கப் பட்டிங் என்றால் இரண்டாம் நாள் பாதிப் பேர் வாலிபால் பக்கம் போய்விடுவார்கள். முதல் நாளே கடைசிப் பத்து நிமிடம் ஆளுக்கு ஐந்து ஃபோம் பந்து ஓங்கி அடிக்க விடுங்கள். எப்படி அடித்தாலும் திருத்தாதீர்கள்.

பட்டிங்கைக் கையில் மட்டை தராமல் தொடங்கலாம். பந்தைக் கையால் தரையில் உருட்டி மூன்று மீட்டரில் உள்ள சிடியில் நிறுத்தச் சொல்லுங்கள். எல்லாரும் சிடியைத்தான் பார்ப்பார்கள், தங்கள் கையை யாரும் பார்க்க மாட்டார்கள். பந்து அருகில் போய் நிற்கும். அப்புறம் பட்டரைக் கொடுத்து, அதே போல இலக்கைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை காற்றில் ஆட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். புதியவர்களின் பட்டிங் தவறு திசையைவிடத் தூரத்தில்தான் அதிகம். ஒரு மீட்டர், இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி அடிக்க வைப்பதே மருந்து.

சிப்பிங்குக்கு வெட்ஜ், டென்னிஸ் பந்து, எட்டு மீட்டரில் சைக்கிள் டயர். கால்கள் நெருக்கமாக, எடை முன்காலில் சற்று அதிகமாக, பந்து நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால். மணிக்கட்டை உதறக்கூடாது. இங்கே எல்லாரும் செய்யும் தவறு பந்தைக் கரண்டியால் அள்ளுவது போலத் தூக்கப் பார்ப்பது. அப்படித் தூக்கினால் மட்டையின் அடி விளிம்பு பந்தின் நெற்றியில் பட்டு அது தரையோடு ஓடும். மட்டையின் முகம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது, தூக்கும் வேலை அதனுடையது. நீங்கள் கீழே அடியுங்கள் என்று சொல்லிப் புரியாது. சுவரை ஒட்டி மட்டையை வைத்து, முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்ணால் காட்டினால் உடனே புரியும்.

வீச்சுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை, கிரிக்கெட் கையோடு வருகிறார்கள். அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கையும் கண்ணும் ஏற்கெனவே பழகியிருப்பதும், வலதுகைக்காரரின் இடதுகை மேலே இருப்பதும் லாபம். நஷ்டம் மூன்று. ஒன்று, முன்காலை எடுத்து வைத்து அடிப்பது. இங்கே பந்து நகராது, கால் நகர்ந்தால் தூரம் மாறி மட்டை மண்ணைத் தோண்டும். இரண்டு, முன் முழங்கையை உயர்த்தி நேர் டிரைவ் போலத் தள்ளுவது. அப்போது மட்டையின் முகம் திறந்தபடியே வந்து பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். மூன்று, பந்தைச் சந்தித்ததும் நிறுத்திவிடுவது. இதற்கு ஒரே கட்டளை போதும்: அடித்து முடித்து, வயிறு இலக்கைப் பார்க்க, மூன்று எண்ணும் வரை சிலை போல நில். நிற்க முடிகிறவர் வீச்சு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஹாக்கி ஆடிய பிள்ளை கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கோவில்பட்டி மாதிரி ஹாக்கி ஊறிய ஊர்ப் பிள்ளைகளுக்குக் குனிந்து நிற்பதும் தரையில் கிடக்கும் பந்தை அடிப்பதும் புதிதே அல்ல. ஹாக்கி மட்டையில் இடதுகை வகை கிடையாது என்பதால் இடதுகைக்காரரும் வலப்பக்கமாக ஆடியே பழகியிருப்பார். அவரை மாற்ற வேண்டாம். மற்றவர்களிடம் 'நீ இடதா வலதா' என்று கேட்காதீர்கள். மட்டையைத் தரையில் போட்டு, எடுத்து நிற்கச் சொல்லுங்கள். வலதுகையால் எழுதி இடதுகை பேட்டிங் செய்பவர் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்; இடதுகை மட்டை இல்லையென்று அவர்களை வலப்பக்கம் திருப்பினால் எட்டு வாரமும் வீண்.

பிடியில் பத்து விரலும் மட்டையில் படும்படி பிடித்தால் போதும். விரல் கோத்துப் பிடிக்கும் முறைகளெல்லாம் பிறகு. மேலே உள்ள கையில் இரண்டு முட்டி எலும்புகள் தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இறுக்கம் பத்துக்கு நான்கு. கொப்புளம் வந்தால் இறுக்கிப் பிடிக்கிறார் என்று பொருள்.

பந்தே இல்லாமல் செய்யும் ஒரு பயிற்சி மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும். மண்ணில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதன் இரு பக்கமும் கால் வைத்து, கோடு நடுவில் இருக்க நின்று, அரை வீச்சு வீசி மட்டையால் மண்ணை லேசாக உரச வேண்டும். உரசிய தடம் கோட்டின் மேலோ கோட்டுக்கு இலக்குப் பக்கமோ இருந்தால் சரி. கோட்டுக்குப் பின்னால் என்றால் எடை பின்காலில் தங்கிவிட்டது. தடமே இல்லையென்றால் உடம்பு எழுந்துவிட்டது. கேடி ஒருவர் வாய் திறக்காமல் தடத்தைக் காட்டினாலே பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும். 'தலையைத் தூக்காதே' என்று கத்துவதில் ஒரு பலனும் இல்லை. தலை தூக்குவது நோயல்ல, எடை பின்னால் தங்கியதன் அறிகுறி. தரை இறுகிப்போயிருந்தால் முந்தின மாலையே அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

முதல் நான்கு வாரம் மூன்று நிலையங்களும் இப்படியே சுற்றட்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து ஆட்டம். மைதானத்தில் 25 முதல் 40 மீட்டருக்குள் மூன்று குழி போட்டு, ஃபோம் பந்தில் இருவர் இருவராக. இருவரும் அடிப்பார்கள், நன்றாக விழுந்த பந்து இருக்கும் இடத்திலிருந்து இருவரும் அடுத்ததை அடிப்பார்கள். பலவீனமான பிள்ளைக்கும் ஒரு நல்ல அடி கணக்கில் சேரும். ஒரு குழிக்கு எட்டு அடிக்கு மேல் போனால் எட்டு என்று எழுதிவிட்டு அடுத்ததற்கு நடக்க வேண்டும். கணக்கை அவரவரே எழுதட்டும். இந்த விளையாட்டில் பெரும்பாலும் ஆடுகிறவர்தான் நடுவரும். முதல் வாரம் சில கணக்குகள் அழகாகக் குறைந்திருக்கும். கூட ஆடுபவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் சரியாகிவிடும்.

கோல்ஃப் மைதானத்துக்குப் போகும் நாள்

எட்டாம் வாரம். வாசலில் தடுமாறினால் உள்ளே நடப்பது எதுவும் ஈடுகட்டாது. பெயர்ப் பட்டியலை முந்தின நாளே செக்யூரிட்டியிடம் கொடுத்து, பஸ் எண்ணையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பின்கேட் வழியாக அல்ல, உறுப்பினர்கள் வரும் வாசல் வழியாகவே வர வேண்டும். கழிப்பறை எது என்பதை இறங்கியவுடன் காட்டுங்கள். பெண்பிள்ளைகள் கேட்கத் தயங்கிச் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். காலர் வைத்த பி.டி. வகுப்பு டீ-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் எந்தக் கிளப்புக்கும் போதும். துப்பட்டா போட்டிருந்தால் வீசும்போது கழற்றி வைக்க வேண்டும்.

நால்வர் கொண்ட ஆறு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். நிஜப் பந்தை முதலில் பயிற்சித் திடலில் ஆளுக்கு 20. பிறகு மூன்று குழி, குழியில் நட்ட கொடிக்கு 100 மீட்டருக்குள் டீ (முதல் அடி அடிக்கும் இடம்) வைத்து. தலைவர் உரை வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தில் கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தை எப்படிச் சரிசெய்வது, மணல் குழியில் நடந்த தடத்தை எப்படி இழுத்துவிடுவது, பெயர்ந்த புல்லை எப்படித் திரும்ப வைப்பது, பந்தை எடுக்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தால் இடத்தை எப்படிக் குறிப்பது என்று காட்டுங்கள். உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாணவி ஒருத்தி மண்டியிட்டுப் பள்ளத்தைச் சரிசெய்வதைப் பார்த்த கமிட்டி உறுப்பினர் அடுத்த வருட அனுமதிக்கு மறுப்புச் சொல்வது அரிது. காணாமல்போன பந்தைத் தேட மூன்று நிமிடம்; அதுவே நிஜ விதியும்கூட. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், முடிவில் சுண்டலும் டீயும். ஆறு மணிக்குப் பஸ் பள்ளிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

அதன் பிறகு

அடுத்த வாரமே தொடர விரும்புகிறவர்களின் பெயரை வாங்குங்கள். ஒரு மாதம் விட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். 24-ல் நான்கு பேர் வந்தால் நல்ல வருடம். அவர்களுக்கு வாரம் ஒரு நாள் திடல், ஆளுக்கு 50 பந்து, பஸ் கட்டணம், கூட ஒரு பெரியவர். பஸ் கட்டணத்தை விட்டுவிட்டுப் போட்ட திட்டங்கள்தான் மூன்றாம் மாதம் நின்றுபோகும். நால்வருக்கும் ஆளுக்கு அரை செட் மட்டை பள்ளியிலேயே இருக்கட்டும். உடற்கல்வி ஆசிரியரின் அறையில், ஒரு நோட்டில் எண் போட்டு, எடுத்த தேதி, திருப்பிய தேதி, கையெழுத்து. மட்டை உடைந்தால் பிள்ளையிடம் பணம் வாங்குவதில்லை என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லையென்றால் எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப் போகப் பயப்படுவார்கள்.

போட்டிக்கு அவசரப்பட வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒன்பது குழியை நடந்து முடிக்க முடிகிறவருக்கு ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்; தரம் குறையக் குறைய எண் கூடும்) போட ஏற்பாடு செய்யுங்கள். இப்போதைய உலக முறையில் 54 வரை உண்டு என்பதால் புதியவருக்கும் இடம் இருக்கிறது. இந்திய கோல்ஃப் யூனியன் நடத்தும் ஜூனியர் போட்டிகளுக்குப் பயணம், தங்கும் செலவு என்று பை பெரிதாகும். ஸ்பான்சர் கிடைத்த பிறகுதான் அந்தப் பேச்சைப் பிள்ளையிடம் எடுக்க வேண்டும்.

கிளப்புக்கு அறிக்கை கேட்பார்கள். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற எண் அதில் எங்காவது இருக்கட்டும். முதல் வரியில், ஆறாவது மாதத்தில் எத்தனை பேர் திடலுக்கு வந்தார்கள், வராதவர்கள் ஏன் நின்றார்கள் என்பதை எழுதுங்கள். நின்றதற்கான காரணத்தை அந்தப் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். பஸ், டியூஷன், வீட்டில் வேலை, கூட வந்த தோழி நின்றுவிட்டாள் என்று வரும் பதில்களில் முதலாவதையும் கடைசியையும் அடுத்த ஜூலைக்குள் சரிசெய்ய முடியும்.